ஐசாவுக்குள் பி2பி கடன்: அந்தப் பெயர் எதைக் காக்கும், எதைக் காக்காது

பிரிட்டனில் 2025 நவம்பர் 26 அன்று தாக்கலான பட்ஜெட் சாதாரணச் சேமிப்பாளர்கள் பலரைக் குழப்பத்தில் விட்டிருக்கிறது. ஐசா என்ற கணக்கில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம்; அதில் வரும் வருமானத்துக்கு வரி இல்லை. இந்த மொத்த வரம்பு மாறவில்லை. ஆனால் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் 2027 ஏப்ரல் 6 முதல் அதில் 12,000 பவுண்டை மட்டுமே ரொக்கச் சேமிப்பாக வைக்க முடியும். மீதி 8,000 பவுண்டுக்கும் வரிச்சலுகை வேண்டுமென்றால், அது முதலீடாக இருக்க வேண்டும்.

பங்குச் சந்தை என்றாலே பின்வாங்குகிறவர்கள் ஏராளம். அவர்களைச் சட்டென்று ஈர்க்கக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. ஐசா என்ற பழகிய பெயர் அதற்கும் உண்டு. பங்கு விலை ஏற்ற இறக்கம் எதுவும் கண்ணில் படாது. வங்கியைப் போலவே "வட்டி" என்றுதான் பேசுவார்கள். விகிதமோ வங்கி தருவதைவிட அதிகம். இன்னோவேட்டிவ் ஃபைனான்ஸ் ஐசா என்பது அதன் பெயர். பி2பி கடன்களை, அதாவது ஓர் இணையத் தளம் வழியாக ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகக் கொடுக்கும் கடன்களை, வரியில்லாக் கணக்குக்குள் வைத்துக்கொள்ள வழிசெய்வது அதுதான். அந்தப் பழகிய பெயரை நம்பிச் சேமிப்பை அங்கே மாற்றுவதற்கு முன், அடிப்படையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

ஐசா என்பது ஓர் உறை

ஐசா 1999 ஏப்ரலில் வந்தது. அது தனியான ஒரு முதலீடு இல்லை. முதலீட்டைச் சுற்றி வரித்துறை போட்டுக்கொடுக்கும் உறை. உள்ளே இருப்பது வங்கிச் சேமிப்பாகவோ, பங்காகவோ, கடன் பத்திரமாகவோ இருக்கலாம். அது ஈட்டும் வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் விலை உயர்வுக்கும் பிரிட்டனில் வரி கிடையாது. உறையின் வேலை அத்துடன் முடிந்தது. உள்ளே இருக்கும் பொருள் உறுதியானதா, உளுத்துப்போனதா என்பதில் உறைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் 17 ஆண்டுகளில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐசா என்றால் வங்கிச் சேமிப்பு ஐசாதான். அதனால் அந்தச் சொல்லோடு பாதுகாப்பும் சேர்ந்தே மனத்தில் பதிந்துவிட்டது. பாதுகாப்பைக் கொடுத்தது உள்ளே இருந்த வங்கி வைப்பும் அதற்கான இழப்பீட்டுத் திட்டமும். புகழ் உறைக்குப் போய்ச் சேர்ந்தது.

பி2பி கடனில் யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள்

வங்கியில் பணம் போட்டால் நீங்கள் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். வங்கி அதை வேறொருவருக்குக் கடனாகக் கொடுத்து, அவர் கட்டாமல் போனாலும் உங்கள் பணத்தைத் திருப்பித்தரும் கடமை வங்கிக்கு உண்டு. பி2பி என்பதில் நடுவே இருக்கும் நிறுவனம் ஒரு தரகர் மட்டுமே. கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் கடன் வாங்குகிறவருக்கும் இடையே நேரடியாக இருக்கிறது. அவர் கட்டாவிட்டால் நஷ்டம் உங்களுடையது. உங்கள் 1,000 பவுண்டைப் பல சிறு துண்டுகளாக்கிப் பல பேருக்குப் பிரித்துக் கொடுப்பது, கடன் கேட்பவர்களைச் சலித்துத் தேர்ந்தெடுப்பது, தவணை வசூலிப்பது, வராதபோது வழக்குப் போடுவது ஆகியவை தரகரின் வேலை. அதற்கு அவர் கட்டணம் எடுத்துக்கொள்கிறார்.

உலகில் இந்த முறையை இணையத்தில் முதலில் தொடங்கியது லண்டனில் 2005-இல் வந்த சோப்பா. 2010-இல் சிறு தொழில்களுக்குக் கடன் தரும் ஃபண்டிங் சர்க்கிளும், தனிநபர் கடனில் ரேட்செட்டரும் வந்தன. 2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கத் தயங்கின. சேமிப்பாளர்களுக்கோ வட்டி ஒன்றும் இல்லாத நிலை. இரண்டு தேவைகளும் சந்தித்த இடத்தில் பி2பி வளர்ந்தது. 2014 ஏப்ரலில் நிதி நடத்தை ஆணையமான எஃப்சிஏ இதைத் தன் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தது. அரசு இன்னும் ஒரு படி மேலே போய், 2016 ஏப்ரல் 6 முதல் இந்தக் கடன்களை ஐசாவுக்குள் வைக்க அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பரில் பலரிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டும் கூட்டு நிதி தளங்கள் வழியாக விற்கப்படும் கடன் பத்திரங்களும் சேர்ந்துகொண்டன.

ஐசாவுக்குள் கடன் போக இரண்டு நிபந்தனைகள். தளத்துக்கு எஃப்சிஏயின் முழு அனுமதி இருக்க வேண்டும். வரித்துறையான எச்எம்ஆர்சி அதை ஐசா மேலாளராக ஏற்றிருக்க வேண்டும். கூடவே ஒரு நடைமுறை விதி: ஐசாவுக்கு வெளியே நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவைத்த கடன்களை அப்படியே தூக்கி உள்ளே வைக்க முடியாது. அவற்றை விற்றுக் காசாக்கி, அந்தக் காசை ஐசாவில் போட்டு, பிறகு மறுபடியும் கடன் கொடுக்க வேண்டும். முதலில் வெளியே கடன் கொடுத்துப் பார்ப்போம், பிடித்தால் ஐசாவுக்குள் மாற்றிக்கொள்வோம் என்ற திட்டம் அவ்வளவு சுலபமில்லை.

உண்மையில் எவ்வளவு வரி மிச்சமாகிறது

விளம்பரங்கள் "வரியில்லா 8 சதவீதம்" என்று சொல்லும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஐசா இல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவு வரி வந்திருக்கும் என்பது. பலருக்கு அதன் விடை பூஜ்யம்.

காரணம், 2016 ஏப்ரலிலிருந்தே எல்லாச் சேமிப்பு வட்டிக்கும் தனியாக ஒரு சலுகை இருக்கிறது. அடிப்படை விகிதத்தில் வரி கட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வட்டி வரை வரி இல்லை. உயர் விகிதத்தினருக்கு 500 பவுண்டு. அதற்கும் மேலான விகிதத்தினருக்கு எதுவும் இல்லை. பி2பி வட்டியும் சேமிப்பு வட்டியாகவே கணக்கிடப்படுகிறது என்பதால் இந்தச் சலுகை அதற்கும் பொருந்தும்.

10,000 பவுண்டு, 8 சதவீத வட்டி, ஆண்டில் 300 பவுண்டு வராக்கடன் என்று கற்பனைக் கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம்.

1. அடிப்படை விகிதத்தினர், வேறு வட்டி வருமானம் இல்லாதவர். 800 பவுண்டு வட்டி 1,000 பவுண்டுச் சலுகைக்குள் அடங்கிவிடுகிறது. ஐசாவுக்கு உள்ளேயும் வெளியேயும் கையில் நிற்பது 500 பவுண்டு. உறையால் ஒரு பென்னி கூட லாபமில்லை.

2. உயர் விகிதத்தினர், வங்கி வட்டியிலேயே 500 பவுண்டுச் சலுகையைத் தீர்த்துவிட்டவர். வெளியே வைத்தால், வராக்கடன் 300-ஐக் கழித்து மீதி 500 பவுண்டுக்கு 40 சதவீத வரி, அதாவது 200. கையில் 300. ஐசாவுக்குள் வைத்தால் முழு 500-உம் அவருடையது. இவருக்கு உறை பெரிய உதவி.

2027 ஏப்ரல் முதல் சேமிப்பு வருமானத்தின் மீதான வரி விகிதங்கள் 2 புள்ளி உயர்ந்து 22, 42, 47 சதவீதமாகின்றன. ஆகவே இரண்டாவது வகையினருக்கு உறையின் மதிப்பு இன்னும் கொஞ்சம் கூடும். முதல் வகையினருக்கு ஒன்றும் மாறாது.

நஷ்டம் வரும் ஆண்டில் கணக்கு தலைகீழாகிறது

மேலே 300 பவுண்டு வராக்கடனைக் கழித்த பிறகே வரி கணக்கிட்டோம். பலருக்குத் தெரியாத ஒரு சட்டப்பிரிவால் கிடைக்கும் நிவாரணம் அது. எஃப்சிஏ அனுமதி பெற்ற தளத்தின் வழியாகக் கொடுத்த கடன் திரும்ப வராது என்று ஆகிவிட்டால், அந்த நஷ்டத்தை பி2பி வட்டி வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். முதலில் அதே தளத்தின் வட்டியிலிருந்து, பிறகு மற்ற பி2பி தளங்களின் வட்டியிலிருந்து. அப்படியும் மிஞ்சினால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம்.

இந்த நிவாரணம் ஐசாவுக்கு உள்ளே கிடையாது. வருமானத்துக்கு வரி இல்லாத இடத்தில், நஷ்டத்துக்குக் கழிவும் இல்லை. தர்க்கம் நியாயமானது, விளைவு கசப்பானது.

அதே 10,000 பவுண்டில் ஒரு மோசமான ஆண்டு. வட்டி 600 வருகிறது, 1,400 பவுண்டுக் கடன் மூழ்கிவிடுகிறது. நிகர நஷ்டம் 800. உயர் விகிதத்தில் வரி கட்டும் நம் இரண்டாவது நபர் இதை வெளியே வைத்திருந்தால், அந்த ஆண்டு பி2பி வட்டிக்கு வரி இல்லை. மீதி 800 பவுண்டு நஷ்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் பி2பி வட்டியோடு கழித்து 320 பவுண்டு வரை வரியை மிச்சப்படுத்தலாம். ஐசாவுக்குள் வைத்திருந்தால் 800 பவுண்டும் போனது போனதுதான்.

இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று இருக்கிறது, அது எந்த அறிக்கையிலும் எண்ணாக வராது. ஐசாவில் போட்ட பணம் அந்த ஆண்டின் 20,000 பவுண்டு வரம்பிலிருந்து கழிந்துவிட்டது. நெகிழ்வு ஐசாவாக இருந்தால், எடுத்த பணத்தை அதே வரி ஆண்டுக்குள் திரும்பப் போடலாம். ஆனால் மூழ்கிய பணம் எடுத்த பணமாகாது. அது இருந்த இடம் நிரந்தரமாகக் காலி. பத்து, இருபது ஆண்டுகள் வரியில்லாமல் வளர்ந்திருக்கக்கூடிய இடம் அது. அந்த இடம் திரும்பக் கிடைக்காது என்பதால், மூழ்கும் வாய்ப்பு அதிகமான பொருளை அங்கே வைக்க வலுவான காரணம் வேண்டும். லாபம் வந்தால் மட்டுமே உறைக்கு மதிப்பு உண்டு. நஷ்டம் வந்தால் அது கூடுதல் நஷ்டம்.

ஆகவே இந்தக் கடனை ஐசா இல்லாமலே கொடுக்கத் துணிவேனா என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டாக வேண்டும். "மாட்டேன்" என்றால் வரிச்சலுகை அந்த விடையை மாற்றக் கூடாது.

இழப்பீட்டுத் திட்டம் எங்கே நிற்கிறது

வங்கியில் இருக்கும் ஐசா பணத்துக்கு நிதிச் சேவை இழப்பீட்டுத் திட்டமான எஃப்எஸ்சிஎஸ் பொறுப்பு. 2025 டிசம்பர் 1 முதல் அந்த வரம்பு 85,000 பவுண்டிலிருந்து 1,20,000 பவுண்டாக உயர்ந்தது. பி2பி கடன் வாங்கியவர் கட்டாமல் போனால் இந்தத் திட்டம் எதுவும் தராது. கடனாகக் கொடுக்கப்படாமல் தளத்தின் வாடிக்கையாளர் வங்கிக் கணக்கில் காத்திருக்கும் ரொக்கத்துக்கு, அந்த வங்கி திவாலானால் மட்டும் பாதுகாப்பு உண்டு.

சில தளங்கள் தாங்களே ஒரு காப்பு நிதி வைத்திருக்கின்றன. வராக்கடன் ஏற்பட்டால் அதிலிருந்து ஈடுகட்டுவார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 2020 மே மாதம் கொரோனா நெருக்கடியில் ரேட்செட்டர் முதலீட்டாளர்களின் வட்டியைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பணத்தைக் காப்பு நிதிக்குத் திருப்பியது. அசல் காப்பாற்றப்பட்டது; வாக்களித்த வட்டி குறைந்தது. காப்பு நிதி என்பது உத்தரவாதம் ஆகாது என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

தளமே மூழ்கினால் என்ன ஆகும்? கடன் ஒப்பந்தங்கள் உங்கள் பெயரில் இருப்பதால் கொள்கை அளவில் அவை உங்களுடையவை. ஆனால் வசூலிக்க ஆள் வேண்டும். போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த லெண்டி, கட்டுமானத் திட்டங்களுக்குக் கடன் ஏற்பாடு செய்த நிறுவனம். கௌஸ் பாய்மரப் படகுப் பந்தயத்துக்கே தன் பெயரைச் சூட்டும் அளவுக்கு விளம்பரம் செய்தது. 2018-இல் எஃப்சிஏயின் முழு அனுமதி கிடைத்தது. 2019 மே மாதம் நொடித்துப்போய், திவால் நிர்வாகிகளின் கைக்குப் போய்விட்டது. நிலுவையில் 16 கோடி பவுண்டுக்கும் மேல். அதில் சுமார் 9 கோடி ஏற்கெனவே தவணை தவறியவை. மிச்சத்தை மீட்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது, யாருக்கு முன்னுரிமை என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது. எஃப்சிஏ முத்திரை இருந்தாலே கடன்கள் நல்லவை என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஐசா என்ற பெயரையே தூண்டிலாக்கிய கதை லண்டன் கேபிடல் அண்ட் ஃபைனான்ஸ். அது பி2பி தளம் இல்லை. தன் சொந்தக் கடன் பத்திரங்களை நேரடியாக விற்ற நிறுவனம். ஆனால் அவற்றை இன்னோவேட்டிவ் ஃபைனான்ஸ் ஐசாவுக்குத் தகுதியானவை என்று விளம்பரம் செய்தது. 2019 ஜனவரியில் அது சரிந்தபோது சுமார் 11,600 பேரின் 23.7 கோடி பவுண்டு சிக்கிக்கொண்டது. அவர்களில் பலர் முதல் முறை முதலீட்டாளர்கள். ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டவர்கள். பிறகுதான் தெரிந்தது, கைமாற்ற முடியாத அந்தப் பத்திரங்களுக்கு ஐசா தகுதியே இருக்கவில்லை. முன்னாள் நீதிபதி எலிசபெத் குளோஸ்டர் தலைமையிலான விசாரணை 2020 டிசம்பரில் எஃப்சிஏயின் மேற்பார்வையைக் கடுமையாகக் குறை கூறியது. அரசு தனியாக ஒரு திட்டம் போட்டு, அசலில் 80 சதவீதம், அதிகபட்சம் 68,000 பவுண்டு என்று ஈடுகட்டியது. அது விதிவிலக்கு. இன்னொரு முறை அப்படி நடக்கும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இந்தச் சரிவுகளின் காலத்தில் விதிகள் இறுகின. 2019 டிசம்பர் 9 முதல், ஆலோசனை பெறாத புதிய முதலீட்டாளர்கள் முதலீடு செய்யக்கூடிய தங்கள் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பி2பியில் போடுவதில்லை என்று உறுதி தர வேண்டும். ஆபத்து புரிகிறதா என்று சோதிக்கும் கேள்விகளுக்கும் விடையளிக்க வேண்டும். 2023 பிப்ரவரி முதல், முதல் முறை வருபவர்களுக்கு 24 மணி நேரக் காத்திருப்பு கட்டாயம். நண்பரைச் சேர்த்தால் போனஸ் போன்ற தூண்டுதல்களுக்குத் தடை. இவற்றை எரிச்சலூட்டும் சடங்காகக் கருதிக் கண்ணை மூடிக்கொண்டு கிளிக் செய்துவிடாதீர்கள். ஏமாந்த ஆயிரக்கணக்கானோரின் அனுபவத்திலிருந்து எழுதப்பட்ட விதிகள் இவை.

உள்ளே போவது எளிது, வெளியே வருவது?

பங்கு ஐசாவில் இருப்பதைச் சந்தை திறந்திருக்கும் எந்த நாளிலும் விற்கலாம். பி2பி கடனுக்கு அப்படிப்பட்ட சந்தை இல்லை. உங்கள் கடன் துண்டை வாங்க, அதே தளத்தில் இன்னொரு முதலீட்டாளர் முன்வர வேண்டும். நல்ல காலத்தில் ஒரே நாளில் விற்றுப்போகும்; எல்லோரும் வெளியேற நினைக்கும்போது வரிசை நீளும். ஃபண்டிங் சர்க்கிளில் 2019 இறுதியிலேயே, கொரோனாவுக்கு முன்பே, கடனை விற்க மூன்று மாதத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-இல் அந்த விற்பனையே நிறுத்தி வைக்கப்பட்டது.

ஐசாவை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் பி2பி கடனை அப்படியே இன்னொரு தளத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. விற்றுக் காசான பிறகே மாற்றம் நடக்கும். விற்க முடியாவிட்டால் அந்த உரிமை காகிதத்தில் மட்டும்.

2027 மாற்றம் இங்கே இன்னொரு பூட்டைப் போடுகிறது. 65 வயதுக்குக் குறைந்தவர்கள் பங்கு ஐசாவிலிருந்தோ இன்னோவேட்டிவ் ஃபைனான்ஸ் ஐசாவிலிருந்தோ ரொக்க ஐசாவுக்குப் பணத்தை மாற்ற அனுமதி இருக்காது என்று எச்எம்ஆர்சி அறிவித்திருக்கிறது. 12,000 பவுண்டு வரம்பைச் சுற்றிவளைத்துத் தாண்டுவதைத் தடுப்பதே நோக்கம். விளைவு, இன்று ரொக்க ஐசாவில் இருக்கும் பணத்தைக் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு பி2பி ஐசாவுக்கு மாற்றினால், அந்த விதி நடைமுறைக்கு வந்த பிறகு வந்த வழியே திரும்ப முடியாது. உறையை விட்டு வெளியே எடுக்கலாம்; எடுத்தால் வரிச்சலுகை போய்விடும்.

பெரிய பெயர்கள் ஏன் போய்விட்டன

பி2பியை வீடுதோறும் கொண்டுபோன மூன்று நிறுவனங்களும் இன்று சாதாரண முதலீட்டாளர்களிடம் பணம் வாங்குவதில்லை. ரேட்செட்டரை 2020-இல் மெட்ரோ வங்கி வாங்கியது. மறு ஆண்டு அதன் கடன்களையும் வாங்கிக்கொண்டு பி2பியை முடித்துவைத்தது. வங்கி உரிமம் பெற்றுவிட்ட சோப்பா, 2021 இறுதியில் முதலீட்டாளர்களின் கடன்களை விலைகொடுத்து வாங்கி வெளியேறியது. ஃபண்டிங் சர்க்கிள் 2022-இல் நிரந்தரமாகக் கதவை மூடியது. வைப்புத்தொகையும் பெரிய நிறுவனங்களின் பணமும் அவற்றுக்கு மலிவாகவும் தொந்தரவில்லாமலும் கிடைத்தன. விதிகள் இறுகியதால் ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்களைப் பராமரிப்பது செலவு பிடித்தது.

அந்த இடத்தில் மிஞ்சியவை பெரும்பாலும் வீடு, நிலம், கட்டுமானத் திட்டங்களை அடமானமாகப் பிடித்துக் கடன் தரும் சிறிய தளங்கள். அடமானம் இருப்பது நல்லதுதான். ஆனால் ஆயிரம் தனிநபர்களுக்குப் பிரித்துக் கொடுத்த சோப்பாக் கடனும், கட்டி முடியாத பத்துக் கட்டடங்களுக்குக் கொடுத்த கடனும் ஒன்றாகாது. சொத்து விலை இறங்கினால் பத்தும் சேர்ந்தே இறங்கும். எனவே இன்றைய தளத்தைப் பார்க்கும்போது விளம்பர விகிதத்தைவிட முக்கியமாக நான் கருதுபவை:

1. சொத்தின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன்? அந்த மதிப்பு இன்றைய நிலைக்கா, கட்டி முடித்த பிறகான கற்பனை விலைக்கா?

2. உங்களுடையது முதல் அடமானமா, வேறொரு வங்கிக்குப் பின்னால் நிற்கும் இரண்டாவது அடமானமா?

3. கடந்த ஆண்டுகளில் கொடுத்த கடன்களில் எவ்வளவு தவணை தவறியது, எவ்வளவு உண்மையில் நஷ்டமானது என்பதை ஆண்டுவாரியாக வெளியிடுகிறார்களா? "இன்னும் மீட்பு நடக்கிறது" என்ற வரிசையில் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது?

4. தளம் மூடினால் கடன்களை வசூலிக்கப்போவது யார், அதற்கான செலவு எங்கிருந்து வரும்?

மூன்றாவதற்கு நேரடி விடை கிடைக்காத தளத்தில் மேலே படிக்கவே வேண்டியதில்லை.

ஊர் திரும்பத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு

பிரிட்டனில் வேலை பார்த்துச் சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக்குத் திரும்ப எண்ணியிருக்கும் பலருக்கும் ஐசா இருக்கிறது. பிரிட்டனில் வசிப்பவர் என்ற நிலை முடிந்ததும் புதிதாகப் பணம் போட முடியாது. இருப்பதை வைத்திருக்கலாம், பிரிட்டன் அதற்கு வரி போடாது. ஆனால் இந்திய வருமான வரிச் சட்டத்துக்கு ஐசா என்ற உறை தெரியாது. நீங்கள் இந்தியாவில் சாதாரண வசிப்பாளர் ஆகிவிட்டால் உலகெங்கும் ஈட்டும் வருமானத்துக்கு அங்கே வரி உண்டு. ஐசாவுக்குள் வரும் பி2பி வட்டியும் அதில் அடங்கும், வெளிநாட்டுச் சொத்துகள் பட்டியலிலும் அதைக் காட்ட வேண்டும். திரும்பியவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைக்கும் இடைக்கால வசிப்பு நிலை சிறிது அவகாசம் தரும்.

ரொக்கமோ பங்கோ என்றால் கிளம்பும் முன் விற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். கட்டடக் கடனில் மாட்டிய பணம் தன் தவணை முடியும்வரை நகராது. பெரும்பாலும் அதற்குப் பிறகும் சில மாதங்கள் இழுக்கும். அதனால் திரும்பும் ஆண்டைத் தீர்மானித்தவர்கள், அந்தத் தேதியைத் தாண்டி முதிர்வடையும் கடன்களை இப்போதே தவிர்ப்பது நல்லது. தானாக மறுமுதலீடு செய்யும் வசதி இருந்தால், கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டு முன்பே அதை நிறுத்திவிட்டு, வரும் தவணைகளை ரொக்கமாகச் சேரவிட வேண்டும்.